வன்னியில் இசை விழாவுக்குப் பி.ஆர். பயிலுநராகச் சேருவது: இடம் தேடுவதிலிருந்து விழா முடிந்த கிழமை வரை

இசை விழா ஒன்றின் பி.ஆர். வேலை என்றதும் போஸ்டர் ஒட்டுவதும் பேஸ்புக்கில் போடுவதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவை விளம்பரத்தின் ஒரு பகுதி. பி.ஆர்., அதாவது பொதுசனத் தொடர்பு, அதைவிட அகலமானது. செய்தியாளர், ஊர்ச்சனம், கலைஞர், அனுசரணையாளர், பொலிஸ், பிரதேச சபை என்று விழாவோடு தொடர்புள்ள எல்லோருக்கும் சரியான தகவல் ஒரே மாதிரி, உரிய நேரத்தில் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பதே அந்த வேலை. மாலை 6 மணி என்று அறிவித்தால் 6 மணிக்குத் தொடங்க வேண்டும். அனுமதி இலவசம் என்று எழுதினால் வாசலில் ஒருவரும் காசு கேட்கக் கூடாது. வெளியே நாம் சொன்னதும் வாசலில் நடப்பதும் ஒன்றாக இருக்கப் பாடுபடுவதுதான் பயிலுநர் முதல் நாளிலிருந்து பழக வேண்டியது.

இதைப் பழக இலங்கையின் வடக்கில் இருக்கும் வன்னி நல்ல இடம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெரிய நகரத்து நிறுவனங்களில் பயிலுநருக்குப் பத்திரிகை வெட்டி ஒட்டும் வேலை மட்டும் கிடைத்து, அதோடு மாதங்கள் போய்விடலாம். இங்கே விழாக்குழு சிறியது. அறிக்கை எழுதுகிறவரே செய்தியாளருக்குப் போன் எடுப்பார், கூத்துப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியாரின் வீட்டுக்கும் போவார், மேடைக்குப் பக்கத்தில் நின்று படத்துக்குக் குறிப்பும் எழுதுவார். ஒரு விழா முடியும்போது முழு வேலையும் கையில் வந்திருக்கும்.

சேருவதற்கு முன்

பட்டம் கட்டாயம் இல்லை. எழுத்து கட்டாயம். உங்கள் ஊரில் நடந்த ஒரு கோயில் கச்சேரி, ஒரு பாடசாலை இசை நிகழ்ச்சி, ஒரு கூத்து என்று எதையாவது எடுத்து, 200 சொற்களில் செய்தியாக எழுதிப் பாருங்கள். யார், எங்கே, எப்போது, என்ன ஆடினார்கள் அல்லது பாடினார்கள், ஏன் அது கவனிக்கத் தக்கது என்பதெல்லாம் முதல் இரண்டு பந்திக்குள் வந்துவிட வேண்டும். இப்படி மூன்று நான்கு எழுதி, போனில் நீங்களே எடுத்த படங்களோடு ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வேலை கேட்கப் போகும்போது சான்றிதழ்களைவிட இந்தக் கோப்புத்தான் உங்களுக்காகப் பேசும்.

அடுத்தது தட்டச்சு. இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இலங்கையில் பி.ஆர். செய்கிறவருக்குப் பெரிய விஷயம். நோட்டீஸ், பதாகை அடிக்கும் அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்கிறார்கள். இணையத்துக்கும் வட்ஸ்அப்புக்கும், எந்தப் போனிலும் ஒரேமாதிரித் தெரியும் யூனிகோட் எழுத்து வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது ‘ஸ்ரீ’, ‘ஔ’ போன்ற எழுத்துகள் உடையலாம், சில நேரம் ஒரு கலைஞரின் பெயரே வேறு பெயராகிவிடும். இரண்டிலும் தட்டச்சுச் செய்யவும், மாற்றியபின் ஒவ்வொரு பெயரையும் எழுத்து எழுத்தாகச் சரிபார்க்கவும் பழகுங்கள். சிங்களமும் ஆங்கிலமும் ஒரு சிறிய அழைப்பு எழுதும் அளவுக்குத் தெரிந்தால் மிக நல்லது. தெரியாவிட்டால் நம்பிக்கையாக மொழிபெயர்த்துத் தரக்கூடிய ஒருவரை இப்போதே தேடி வையுங்கள்.

மூன்றாவது, இசையை அறிவது. எல்லா இராகமும் தெரிய வேண்டியதில்லை. ஆனால் முல்லைத்தீவின் கோவலன் கூத்தும் காத்தவராயன் கூத்தும் ஒன்றல்ல என்று தெரிய வேண்டும். மன்னார்க் கத்தோலிக்கக் கூத்தில் வடபாங்கு, தென்பாங்கு என்று இரண்டு வழி உண்டு என்பது தெரிய வேண்டும். மத்தளம், உடுக்கு, பறை எது எங்கே வரும் என்று தெரிய வேண்டும். எல்லாவற்றையும் ‘பாரம்பரியக் கலை நிகழ்ச்சி’ என்று ஒரே மூட்டையில் கட்டி அனுப்புகிற அறிக்கையை ஆசிரியர் பீடத்தில் யாரும் இரண்டாம் முறை படிக்க மாட்டார்கள்.

இடம் எங்கே கிடைக்கும்

வன்னியில் ‘பி.ஆர். பயிலுநர் தேவை’ என்று விளம்பரம் வருவது அரிது. நீங்களே போய்க் கேட்க வேண்டும். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் கலாசாரப் பகுதி உண்டு, கலாசார உத்தியோகத்தர் இருப்பார், கலாசாரப் பேரவை இருக்கும். பிரதேசப் பண்பாட்டு விழாவை ஒழுங்கு செய்கிறவர்கள் அவர்கள்தான். அந்த விழாவுக்கு ஊடக வேலை செய்ய ஆள் பெரும்பாலும் இருக்காது. முதல் கதவாக அதைத் தட்டுங்கள்.

2021 ஆகஸ்ட் மாதம் தனியான பல்கலைக்கழகமாக மாறிய வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலும் மாணவர்கள் நடத்தும் இசை இரவுகளும் நல்ல ஆரம்பம். கோயில் திருவிழா உபயகாரர், பங்குத்தந்தையின் விழாக்குழு, விளையாட்டுக் கழகங்கள், ஒலி ஒளி அமைப்புச் செய்கிற நிறுவனங்கள், வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச்சங்கங்கள் பணம் அனுப்பி நடத்துகிற நிகழ்ச்சிகள் என்று வழிகள் பல. சவுண்ட்காரருக்கு எந்த மாதம் எங்கே என்ன நிகழ்ச்சி என்று எல்லோருக்கும் முன்னர் தெரிந்திருக்கும். அவரோடு பழகி வையுங்கள்.

பெரிய விழாவில் வேலை செய்ய ஆசைப்பட்டால் யாழ்ப்பாணம், கொழும்பு பக்கமும் பாருங்கள். போருக்குப் பிறகு 2011இல் நடந்த யாழ்ப்பாண இசை விழா, இலங்கையின் பல பகுதி நாட்டார் கலைக்குழுக்களையும் வெளிநாட்டுக் குழுக்களையும் ஒரே விழாவுக்குள் கொண்டுவந்தது. அப்படி ஒரு விழாவின் ஊடகப் பிரிவில் தொண்டராக நிற்கக் கிடைத்தால்கூடப் போதும். கிராமத்துக் கலைஞரை வெளிநாட்டுச் செய்தியாளருக்கு எப்படி அறிமுகப்படுத்துவது என்று பக்கத்தில் நின்று கற்கலாம்.

கேட்கும் விதம் முக்கியம். நீண்ட சுயவிவரம் யாரும் படிப்பதில்லை. உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்: “வணக்கம் மிஸ். நான் புதுக்குடியிருப்பில் இருக்கிறேன், ஊடகக் கல்வி படிக்கிறேன். உங்கள் பண்பாட்டு விழாவுக்கு ஊடக அறிக்கை எழுதவும், செய்தியாளர்களோடு தொடர்பு வைக்கவும், கலைஞர் விவரங்களைத் திரட்டவும் உதவ விரும்புகிறேன். நான் எழுதிய இரண்டு செய்திகளை இணைத்திருக்கிறேன். வருகிற கிழமை நேரில் வந்து பத்து நிமிடம் பேசலாமா?” என்ன செய்வேன் என்று மூன்று வேலையைக் குறிப்பாகச் சொல்லியிருக்கிறது, கேட்பது பத்து நிமிடம் மட்டுமே. பதில் வராவிட்டால் ஒரு கிழமை கழித்து நேரில் போங்கள். இங்கே நேரில் போவதற்கு இருக்கிற மதிப்பு வேறு எதற்கும் இல்லை.

முதல் நாளே பேசி எழுத வேண்டியவை

சம்பளம் பேச வெட்கப்படாதீர்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் பஸ் காசு, சாப்பாடு, போன் டேட்டா ஆகிய மூன்றையும் யார் தருவது என்பது தெளிவாக வேண்டும். எத்தனை கிழமை, கிழமைக்கு எத்தனை நாள், யாருக்கு நீங்கள் பொறுப்பு, யார் ‘சரி’ என்று சொன்ன பிறகு அறிக்கை வெளியே போகலாம் என்பதையும் ஒரு பக்கக் கடிதமாக வாங்குங்கள். தொழிற்கல்விப் பயிற்சியின் பகுதியாக வருகிறவர்கள் பயிற்சிப் பதிவேட்டில் யார் ஒப்பமிடுவார் என்பதையும் அன்றே கேளுங்கள்.

இரவுப் பயணம் பற்றி ஒரு சொல். மேடை நிகழ்ச்சி முடிய நள்ளிரவாகலாம். ஏ9 வீதியில் பஸ் பிடித்துவிடலாம் என்று வைத்தாலும், மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுப் பக்கமோ பரந்தனிலிருந்து விசுவமடுப் பக்கமோ உள்ளே போக அந்த நேரத்தில் வழி இருக்காது. வீடு திரும்ப வாகனம், அல்லது பாதுகாப்பான தங்குமிடம் விழாக்குழுவின் பொறுப்பு. குறிப்பாகப் பெண் பிள்ளைகள் இதைக் கேட்டால் ‘பயம் என்றால் ஏன் வந்தாய்’ என்று சொல்கிற குழுவோடு சேர வேண்டாம். அந்த ஒரு பதிலே அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று காட்டிவிடும்.

கலைஞர் விவரக்கோப்பு

என் பார்வையில் இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அதனால் இதில் அதிக நேரம் செலவழியுங்கள்.

நம் பத்திரிகைகளில் வரும் நிகழ்ச்சிச் செய்திகளைப் பாருங்கள். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று பெயரும் பதவியும் வரிசையாக வரும். கடைசியில் ‘கலை நிகழ்ச்சிகளும் இடம்பெற்றன’ என்று ஒரு வரி. இரவு முழுக்க ஆடியவருக்கு, பின்பாட்டுப் பாடியவருக்கு, மத்தளம் வாசித்தவருக்கு அந்தச் செய்தியில் பெயரே இல்லை. இதற்குப் பத்திரிகையை மட்டும் குறை சொல்ல முடியாது. விழாக்குழு அனுப்பியதே அப்படித்தான். பயிலுநர் ஒருவர் நினைத்தால் மாற்றக்கூடிய விஷயம் இது. கலைஞரின் பெயரை அறிக்கையின் முதல் பந்தியில் வையுங்கள், விருந்தினரின் பெயர்கள் நான்காம் பந்தியில் வரட்டும்.

விவரம் திரட்டப் போனில் கேட்டால் போதாது. வீட்டுக்குப் போங்கள். அண்ணாவியார் ஒருவரிடம் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லி, அவர் வயலுக்கோ கடலுக்கோ போகாத நேரம் பார்த்துப் போங்கள். பெயரை அவர் எப்படி எழுதுவார் என்று அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள், முதலெழுத்து உட்பட. யாரிடம் கற்றார், முதல் ஆட்டம் எந்த ஊரில், எந்தப் பாத்திரம், இப்போது யாருக்குக் கற்றுக்கொடுக்கிறார் என்று கேளுங்கள். பட்டமும் விருதும் இருந்தால் பெற்ற ஆண்டோடு குறியுங்கள். மூத்த கலைஞர்களுக்கு அரசு வழங்கும் ‘கலாபூஷணம்’ விருது பெற்றவர் என்றால் அதை விடுவது அவருக்கு மரியாதையீனம். பெறாத ஒருவருக்குப் போடுவது அவருக்கே சங்கடம்.

கேட்கக் கூடாதவையும் உண்டு. வன்னியில் பல கலைஞர்களின் வாழ்க்கையில் இடப்பெயர்வு இருக்கிறது, இழப்பு இருக்கிறது. மத்தளம் முள்ளிவாய்க்காலோடு போய்விட்டது என்று அவராகச் சொன்னால் கவனமாகக் கேளுங்கள். ‘இதை எழுதலாமா’ என்று தனியாகக் கேட்டு, சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள். கதைக்குக் கண்ணீர் வேண்டும் என்று தோண்டக் கூடாது. பறை வாசிப்பவர்களிடமும் இதே கவனம் வேண்டும். தன்னை எப்படி அறிமுகப்படுத்த வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். ஒருவரின் சாதி தெரிய வரும்படி எழுதுவது அறிக்கையின் வேலை இல்லை.

எழுதி முடித்ததும் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கத் தெரிந்தவர் என்றால் வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர் ‘சரி தம்பி’, ‘சரி பிள்ளை’ என்று சொன்ன பிறகுதான் அது கோப்புக்குள் போகும். ஒவ்வொரு கலைஞருக்கும் 100 சொல்லில் ஒரு குறிப்பு, 30 சொல்லில் ஒரு குறிப்பு, அகலமான படம் ஒன்று, முகம் தெரியும் படம் ஒன்று என்று வைத்தால் போதும். 100 சொல் பத்திரிகைக்கு, 30 சொல் அறிவிப்பாளருக்கும் முகநூலுக்கும்.

நாட்காட்டி

திகதி குறிக்கிற கூட்டத்தில் பயிலுநரைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஆனாலும் ஒரு நாட்காட்டி தயாரித்துக் கொடுங்கள், உங்கள் மதிப்பு கூடும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வருகிறது. அந்த நாட்களில் முல்லைத்தீவுச் சனமும் செய்தியாளரும் அங்கேதான் இருப்பார்கள். மடு மாதாவின் ஜூலை 2, ஆகஸ்ட் 15 திருநாள்களில் மன்னார்ப் பக்கமும், சிவராத்திரியன்று திருக்கேதீச்சரப் பக்கமும் அப்படியே. மே 18ஐ ஒட்டிய நாட்களும் நவம்பர் கடைசிப் பகுதியும் இங்கே போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாட்கள். அப்போது கொண்டாட்ட மேடை போடுவது பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம், முன்னரே திட்டமிட்ட முகநூல் பதிவுகள்கூட அந்த நாட்களில் வெளிவராதபடி பாருங்கள்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதை எல்லோரும் அறிவார்கள். திறந்தவெளி விழாவை அந்த மாதங்களில் வைத்தால், மழை பெய்தால் எங்கே மாற்றுவது என்பதும் முதல் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். காலபோகம் எனும் மழைக்கால நெல்லின் அறுவடைக் காலத்தில் வயற்காரருக்கு இரவும் வேலைதான். அறுவடை முடிந்த பிறகு சனம் ஆறுதலாக வரும். சாதாரண தரம், உயர்தரம், புலமைப்பரிசில் பரீட்சைத் திகதிகளையும் பாருங்கள். பரீட்சைக்கு முதல்நாள் ஒலிபெருக்கி போட்ட விழாவுக்கு எந்த பி.ஆரும் நல்ல பெயர் வாங்கித் தர முடியாது.

ஊடக அறிக்கை

நம் விழாக்களிலிருந்து வழக்கமாகப் போகும் அறிக்கை இப்படித் தொடங்கும்: “தமிழர்தம் கலை கலாசார விழுமியங்களைப் பேணிப் பாதுகாக்கும் உயரிய நோக்கில் மாபெரும் இசை விழா ஒன்று வெகு விமரிசையாக நடைபெறவுள்ளது.” இதில் செய்தி எங்கே? இடம் இல்லை, நேரம் இல்லை, யார் பாடுகிறார் என்று இல்லை.

இப்படித் தொடங்கிப் பாருங்கள்: “முல்லைத்தீவின் கோவலன் கூத்தும் மன்னாரின் தென்பாங்குக் கூத்தும் ஒரே மேடையில் ஆடப்படவுள்ளன. சனிக்கிழமை மாலை 6 மணி, முள்ளியவளை. அனுமதி இலவசம்.” வாசிக்கிறவருக்குப் போவதா இல்லையா என்று முடிவெடுக்கத் தேவையான எல்லாம் வந்துவிட்டது. இரண்டாம் பந்தியில் கலைஞர்கள், மூன்றாம் பந்தியில் ஒரு கலைஞரின் நேரடிக் கூற்று, பிறகு ஏற்பாட்டாளரும் விருந்தினரும், கடைசியில் பஸ், வாகனத் தரிப்பிடம், தொடர்புக்கு ஒரு இலக்கம். எல்லாம் ஒரு பக்கத்துக்குள்.

கூற்று என்று நான் சொல்வது, அவர் உண்மையில் சொன்னதை. ‘இவ்விழா எமது பண்பாட்டின் மணிமகுடம்’ என்று நாமே எழுதி ஒருவரின் வாயில் வைக்கிற பழக்கம் எங்கும் இருக்கிறது. ஒரு அண்ணாவியார் தன் பேச்சில் சொன்ன ஒரு சாதாரண வரி அதைவிடப் பத்து மடங்கு உயிரோடு இருக்கும். வீட்டுக்குப் போனபோது பதிவு செய்திருந்தால் அந்த வரி உங்களிடம் ஏற்கெனவே இருக்கும்.

அறிக்கையை யூனிகோட் எழுத்தாகவே மின்னஞ்சலுக்குள்ளும் வட்ஸ்அப்பிலும் ஒட்டி அனுப்புங்கள். பிடிஎப் மட்டும் அனுப்பினால், படமாக அனுப்பினால், செய்தியாளர் எல்லாவற்றையும் திருப்பித் தட்டச்சுச் செய்ய வேண்டும், அவருக்கு நேரம் இருக்காது. படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் அச்சுக்கு உதவும். ஒவ்வொரு படத்தின் கோப்புப் பெயரிலும் படத்தில் இருப்பவரின் பெயரும் எடுத்தவரின் பெயரும் இருக்கட்டும்.

செய்தியாளர்களோடு

ஊடகப் பட்டியல் ஒன்றை முதல் கிழமையிலேயே தொடங்குங்கள். உதயன், வலம்புரி போன்ற யாழ்ப்பாணப் பத்திரிகைகள், வீரகேசரி, தினக்குரல், தினகரன் போன்ற கொழும்புப் பத்திரிகைகள், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவை, சக்தி, சூரியன், வெற்றி எப்எம் வானொலிகள், வசந்தம், டான் தொலைக்காட்சிகள், உள்ளூர் யூடியூப் பக்கங்கள். பட்டியலை மாவட்டம் மாவட்டமாகப் பிரியுங்கள். தேர்தல் கணக்கில் வன்னி என்றால் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்கிறது. ஆனால் விழாவுக்கு வரும் சனத்துக்கு அந்தக் கோடு கிடையாது, நான்கு மாவட்டச் செய்தியாளரும் பட்டியலில் இருக்க வேண்டும்.

வன்னிச் செய்திகளில் பெரும்பகுதியை எழுதுகிறவர்கள் பிரதேச செய்தியாளர்கள். ஒரே நாளில் நீதிமன்றம், காணிப் பிரச்சினை, யானை அடித்த தோட்டம் என்று மோட்டார் சைக்கிளில் அலைகிறவர்கள். பலருக்கு நிரந்தரச் சம்பளம் இல்லை. அவர்களை மதிப்பது பி.ஆரின் பாதி. அறிக்கையை ஒரு கிழமைக்கு முன்னர் அனுப்புங்கள், இரண்டு நாளைக்கு முன்னர் ஒரு தடவை போன் எடுங்கள், அன்று காலை ஒரு சிறிய நினைவூட்டல். அதற்கு மேல் தொல்லை. “அண்ணா, நேற்று அனுப்பினது கிடைச்சுதா? படம் ஏதும் தேவைப்பட்டால் சொல்லுங்கோ” என்ற அளவில் நிற்க வேண்டும். ‘எப்ப போடுவீங்கள்’ என்று கேட்பது அவருடைய ஆசிரியரின் வேலையில் தலையிடுவது.

உறையில் காசு வைத்துக் கொடுக்கும் பழக்கத்துக்குள் நுழைய வேண்டாம். வருகிற எல்லாச் செய்தியாளருக்கும் ஒரேமாதிரி சாப்பாடு, தண்ணீர், உட்கார இடம், போன் சார்ஜ் செய்யப் பிளக் கொடுங்கள். அது விருந்தோம்பல்.

ஊருக்குள்

பத்திரிகை படிக்காதவரும் முகநூலில் இல்லாதவரும்தான் விழாவுக்கு முதலில் வந்து பாய் விரிக்கிறவர்கள். அவர்களுக்கு ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ, சந்தியில் பதாகை, சனசமூக நிலையப் பலகை, கோயிலிலும் தேவாலயத்திலும் ஒரு அறிவித்தல், மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு சொல், இவைதான் வழி. ஆட்டோவில் வாசிக்கும் அறிவித்தலை நீங்களே எழுதுங்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும், வீட்டுக்குள் இருப்பவருக்கு இரண்டு வசனம்தான் காதில் விழும். ஊர், நாள், நேரம், யார் என்பவை ஒவ்வொரு இரண்டு வசனத்துக்குள்ளும் திரும்பத் திரும்ப வர வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு வேறு கணக்கு. அவர்கள் நேரில் வர முடியாது, ஆனால் பகிர்வார்கள், உதவுவார்கள், ஊரில் இருக்கும் உறவுக்குப் போன் எடுத்துப் போகச் சொல்வார்கள். இங்கே இரவு 7 மணிக்குப் பதிவு போட்டால் ரொறன்ரோவில் கோடையில் காலை 9.30, இலண்டனில் பிற்பகல் 2.30. குளிர்காலத்தில் இரண்டு இடத்திலும் ஒரு மணித்தியாலம் முந்தியது. நேரடி ஒளிபரப்பு இருந்தால் இரண்டு ஊர் நேரத்தையும் அறிவித்தலிலேயே எழுதுங்கள்.

அனுமதியும் உரிமையும்

இவற்றை எடுப்பது பயிலுநரின் வேலை இல்லை. ஆனால் எடுத்தாயிற்றா என்று தெரியாமல் எதையும் அறிவிக்கக் கூடாது. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி, மைதானத்துக்குப் பிரதேச சபை அனுமதி, ரிக்கெற் விற்றால் களியாட்ட வரி. இரவு 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கிக்கு இருக்கும் கட்டுப்பாட்டை மனதில் வைத்து, அனுமதியில் எழுதியிருக்கும் நேரம் என்னவோ அதையே அறிவித்தலில் போடுங்கள்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் பாடலுக்கும் படத்துக்கும் உரிமை உண்டு. விளம்பரக் காணொளியின் பின்னணியில் பிரபலமான சினிமாப் பாட்டைப் போட்டால் முகநூலும் யூடியூப்பும் அதை முடக்கக்கூடும். அதைவிட விழாவில் வாசிக்கப் போகிறவரின் ஒத்திகையை அவர் சம்மதத்தோடு பதிவு செய்து போடுங்கள், அதுவே நல்ல விளம்பரம்.

விழா நாள்

காலையிலேயே மூன்று தாள் கையில் இருக்க வேண்டும்: நிமிடக் கணக்கில் நிகழ்ச்சி ஒழுங்கு, முக்கிய ஆட்களின் போன் இலக்கங்கள், வரும் செய்தியாளர் பெயர்ப் பட்டியல். தாள் என்றே சொல்கிறேன். கூட்டம் கூடியதும் டவர் திணறும், போன் சார்ஜ் இறங்கும்.

ஊடக மேசையை வாசலுக்குக் கிட்ட, ஒலிபெருக்கிக்கு எட்ட வையுங்கள். அனுமதி அட்டை, நிகழ்ச்சி ஒழுங்கு, கலைஞர் குறிப்புகள் அங்கே இருக்கட்டும். வெளிநாட்டு விழாக்களில் படம் எடுப்பவர்களை மேடைக்கு முன்னால் முதல் 3 பாடலுக்கு மட்டும், பிளாஷ் இல்லாமல் விடுவது வழக்கம். கூத்துக்கு அது பொருந்தாது. ஆட்டம் சூடு பிடிப்பதே நடுச்சாமத்தில்தான். அண்ணாவியாரிடம் முன்னரே கேட்டு, எந்தக் காட்சியில் படம் எடுக்கலாம், எங்கே நிற்கலாம் என்று முடிவு செய்து செய்தியாளருக்குச் சொல்லுங்கள். பிளாஷ் வேண்டாம் என்பது மட்டும் எங்கும் பொருந்தும். பேட்டி எடுப்பது ஆட்டத்துக்கு முன்னர் வேண்டாம், ஒப்பனையில் இருப்பவரின் மனம் வேறெங்கோ இருக்கும். முடிந்து தேநீர் குடித்த பிறகு பத்து நிமிடம் கேளுங்கள்.

நேரம் மாறினால் உடனே சொல்லுங்கள். “மழை காரணமாக நிகழ்ச்சி இரவு 8 மணிக்குத் தொடங்கும். அடுத்த அறிவித்தல் 7.30க்கு.” மேடை மைக்கிலும் முகநூலிலும் வட்ஸ்அப் குழுவிலும் இதே சொல் போக வேண்டும். அந்த 7.30க்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும், ‘மாற்றம் இல்லை’ என்று சொல்லுங்கள். காத்திருக்கிற சனத்துக்குக் கோபம் வருவது தாமதத்தால் மட்டுமல்ல, ஒருவரும் ஒன்றும் சொல்லாததால்.

கூட்டம் பற்றிக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிகரன் பாடிய நிகழ்ச்சியில், சனம் தடுப்புகளைத் தாண்டி முன்னுக்கு வந்ததால் நிகழ்ச்சி இடையில் தடைப்பட்டது. 2021 நவம்பர் 5 அன்று அமெரிக்காவின் ஹூஸ்டனில் அஸ்ட்ரோவேர்ல்ட் விழாவில் ஏற்பட்ட நெரிசலில் 10 பேர் உயிரிழந்தார்கள். 2017இல் பஹாமாஸில் நடக்கவிருந்த பையர் விழா, சமூக ஊடகப் பிரபலங்களைக் கொண்டு பெரிய எதிர்பார்ப்பைக் கிளப்பியது. வந்தவர்களுக்குத் தங்க இடமும் ஒழுங்கான சாப்பாடும் இருக்கவில்லை. மூன்றும் வெவ்வேறு விதமான சம்பவங்கள், காரணங்களும் வேறு. ஆனால் பி.ஆர். மேசையில் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி எல்லாவற்றிலும் ஒன்றே: நாம் கூப்பிடுகிற சனத்துக்கு இந்த மைதானத்தில் இடம் இருக்கிறதா, வாசல் எத்தனை, கழிப்பறை எத்தனை, தண்ணீர் எங்கே? பதில் இல்லாமல் ‘அலைகடலெனத் திரண்டு வாரீர்’ என்று எழுதக் கூடாது. பயிலுநர் இந்தக் கேள்வியை விழாக்குழுக் கூட்டத்தில் கேட்டால் சிலர் முகம் சுளிக்கலாம். கேளுங்கள்.

விபத்து ஏதாவது நடந்தால் பயிலுநர் எதுவும் பேசக் கூடாது. பேசுகிறவர் யார் என்பது முன்னரே முடிவாகியிருக்க வேண்டும். உங்கள் வேலை, அவருக்கு நான்கு வரி தயாரித்துக் கொடுப்பது: உறுதியாகத் தெரிந்தது என்ன, இப்போது என்ன செய்யப்படுகிறது, உறவினர் எங்கே தொடர்பு கொள்ளலாம், அடுத்த தகவல் எப்போது. எண்ணிக்கையை ஊகிக்க வேண்டாம். குடும்பத்துக்குத் தெரிவதற்கு முன்னர் யாருடைய பெயரும், படமும் வெளியே போகக் கூடாது. உங்கள் போனில் இருக்கும் படங்கள் உட்பட.

முடிந்த பிறகு

அன்றிரவே நித்திரைக்கு முன்னர் ஒரு வேலை: விழாவுக்கு வராத ஊடகங்களுக்கு 150 சொல் செய்தியும் மூன்று படமும். அடுத்த நாள் மதியம் அனுப்பினால் அது பழசாகிவிடும்.

அடுத்த கிழமை பத்திரிகை வெட்டுகளையும் இணைப்புகளையும் திரட்டுங்கள். எங்கே, எந்தத் திகதி, எந்தப் பக்கம், கலைஞர் பெயர் சரியாக வந்ததா, தகவல் பிழை இருந்ததா என்று ஒரு அட்டவணை போடுங்கள். முகநூல் விருப்பக்குறிகளின் எண்ணிக்கையை மட்டும் காட்டுகிற அறிக்கை யாருக்கும் உதவாது. எந்த ஊரிலிருந்து சனம் வந்தது, எப்படிக் கேள்விப்பட்டது என்று வாசலில் சிலரிடம் கேட்டு வைத்திருந்தால், அடுத்த வருடம் ஆட்டோவுக்கா பதாகைக்கா காசு போடுவது என்று குழு முடிவெடுக்கலாம். பெயர் பிழையாக வந்திருந்தால் அந்தச் செய்தியாளருக்குப் பணிவாக எழுதித் திருத்தம் கேளுங்கள், இணையப் பதிப்பிலாவது திருத்துவார்கள்.

செய்தி போட்டவர்களுக்குத் தனித்தனியாக நன்றி சொல்லுங்கள். பொதுக் குழுவில் ஒரு கைகூப்பிய படம் போடுவது நன்றி ஆகாது.

பிறகு உங்களுக்கானதைக் கேட்டு வாங்குங்கள். பயிற்சிக் கடிதத்தில் ‘சிறப்பாகச் செயற்பட்டார்’ என்று மட்டும் இல்லாமல், ஊடக அறிக்கைகள் எழுதினார், இத்தனை கலைஞரின் விவரக்கோப்பு தயாரித்தார், ஊடக மேசையை நடத்தினார் என்று வேலைகள் பெயர் சொல்லி இருக்கட்டும். தயங்கினால் ஒரு வரைவை நீங்களே எழுதிக் கொடுங்கள், அவர்கள் திருத்தி ஒப்பமிடுவார்கள். அடுத்த இடத்தில் வேலை கேட்கும்போது கடிதமும், நீங்கள் எழுதிய அறிக்கையும், அது அச்சில் வந்த பக்கமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கலைஞர்களுக்குப் படங்களையும் செய்தி வெட்டுகளையும் கொண்டுபோய்க் கொடுப்பதையும் உங்கள் பயிற்சிக் காலத்துக்குள்ளேயே முடியுங்கள். போன் இல்லாத மூத்தவர்களுக்குப் படத்தை அச்செடுத்து, பெயர் வந்த பத்திரிகைப் பக்கத்தோடு கொடுங்கள். அதற்கான அச்சுச் செலவை விழாவின் வரவு செலவுத் திட்டத்தில் ஆரம்பத்திலேயே ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள், கடைசியில் கேட்டால் காசு முடிந்துவிட்டது என்பார்கள்.